ஏழாம் அத்தியாயத்தின் கடைசிக் காட்சி

அண்ணியின் நாவல் ஒரே கோப்பாக இருந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நடுவில் ஒரு வெட்டு கிடையாது, அத்தியாய எண்கூடக் கிடையாது. நாலு வருடமாக எழுதி எழுதிச் சேர்த்ததில் அது வீங்கிப்போய், மடிக்கணினியில் திறக்கப் பார்த்தால் திரை வெள்ளையாக விறைத்து நின்றுவிடும். அது திறப்பதற்குள் அண்ணன் காபி போட்டு, ஆற்றிக் குடித்து, தம்ளரையும் கழுவிக் கவிழ்த்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது திறக்கவே மாட்டேன் என்றது. அண்ணி கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தார், மேசையை லேசாகத் தட்டியும் பார்த்தார். பிறகு நாத்தனாருக்குப் போன் போட்டார்.

"டூட்டி, கொஞ்சம் வந்துட்டுப் போறியா? என் கதை மூச்சு பேச்சில்லாம கெடக்கு."

பேருந்து டிப்போவில் எந்த ஓட்டுநர் எந்த வண்டியை எப்போது எடுக்க வேண்டும் என்று பட்டியல் போடுவது அவள் வேலை. ஓட்டுநர்கள் அவளை 'டூட்டி அக்கா' என்பார்கள். ஒரு முறை அவளைத் தேடி அங்கே போன அண்ணன் அதைக் காதில் வாங்கி வந்து வீட்டில் பரப்பிவிட்டார். அதிலிருந்து நாற்பதைத் தாண்டிய தங்கைக்கு வீட்டிலும் அதுதான் பெயர். கல்யாணமாகி, ஒத்துவராமல், பெரிய சண்டை எதுவுமில்லாமல் பிரிந்து வந்தவள். அண்ணன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். தனியாக என்பது பேச்சுக்குத்தான். பாதி நாள் சாப்பாடு அண்ணி கையால்.

டூட்டி வந்து பார்த்தாள். அண்ணி தனக்குத்தானே மின்னஞ்சலில் அனுப்பி வைத்திருந்த பிரதி பத்திரமாக இருந்தது.

"கதைக்கு ஒண்ணும் ஆகல, அண்ணி. ஆனா இவ்வளவையும் ஒரே மூட்டையா கட்டி வெச்சா மெஷின் என்ன பண்ணும் பாவம்?"

"பின்ன எப்படி வெக்கிறதாம்? கதை ஒண்ணுதானே?"

"எங்க டிப்போவுல எத்தனை பஸ் நிக்குது! எல்லாத்தையும் ஒண்ணா கயிறு கட்டியா இழுக்கறோம்?"

நாவல் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு மென்பொருள் இருப்பதாக அவள் எங்கோ படித்திருந்தாள். அன்றைக்கே அதை இறக்கினாள். இடது பக்கம் அத்தியாயங்கள் ஃபோல்டர்களாக வரிசையில் நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் காட்சிகள். ஒரு பொத்தானை அழுத்தினால் காட்சிகளெல்லாம் பலகையில் குத்திய அட்டைகளாகத் திரையில் விரிந்தன. அட்டைக்கு ஒரு தலைப்பு, கீழே இரண்டு வரிச் சுருக்கம். பிடித்து இழுத்தால் அட்டை நகரும். அட்டை நகர்ந்தால் அதற்குள் இருக்கும் பக்கங்களும் கூடவே நகரும். டூட்டிக்குக் கண் விரிந்தது. டிப்போவில் அவள் தினமும் செய்கிற வேலை இதேதான், ஓட்டுநர்களுக்குப் பதில் காட்சிகள்.

அண்ணிக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் கீழ்த்தளத்திலிருக்கும் மருந்தகத்தில் வேலை. கூட்டம் குறைகிற இடைவெளியில் போனில் எழுதுவார், வீட்டுக்கு வந்து கோப்பில் ஒட்டுவார். அப்படி ஒட்டியதை இப்போது பிரிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையை ஒதுக்கிவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். பால்கனியில் அண்ணன் யார் வீட்டு வாஷிங் மெஷினையோ பிரித்துப் போட்டிருப்பார். அவருக்குத் தொழிலே அதுதான்.

"இந்த காட்சிக்கு என்ன பேர் வெக்கலாம்?" என்று டூட்டி கேட்டாள்.

"'மழைக்குப் பிந்தைய மௌனம்'."

"அட்டைல அப்படிப் போட்டா நாளைக்கு உங்களுக்கே வெளங்காது. இதுல என்ன நடக்குது, அதச் சொல்லுங்க."

"அவ ஜன்னல் பக்கத்துல நிக்கிறா."

"நின்னுட்டு?"

"நிக்கிறா. அவ்வளவுதான். மனசுக்குள்ள நெறைய நடக்குது."

"எங்க டிரைவர் யாராவது டூட்டிக்கு வந்துட்டு ஜன்னல் பக்கம் நின்னா நான் மெமோ குடுத்துடுவேன், அண்ணி."

அண்ணி முறைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே அந்தக் காட்சியில் பாதியை எடுத்து அடுத்ததோடு சேர்த்தார். மீதிப் பாதிக்கு இடம் கிடைக்கவில்லை. அதுபோல் தங்கிப்போனவற்றுக்கு டூட்டி ஒரு தனி ஃபோல்டர் திறந்து 'ஸ்பேர்' என்று பெயர் வைத்தாள். டிப்போவில் அன்றைக்கு வண்டி கிடைக்காமல் காத்திருக்கும் ஓட்டுநர்களுக்கும் அதே பெயர்தான்.

கதை ஒரு குடும்பத்தைப் பற்றியது. சைக்கிள் கடை ஒன்றின் மாடி வீட்டுக்கு மருமகளாக வருகிறாள் ஒருத்தி. அங்கே மாமியார், கணவன், கணவனின் தங்கை. யார் எந்தக் காட்சியில் வருகிறார்கள் என்று சட்டெனத் தெரிய, ஆளுக்கொரு நிறம் கொடுத்தார்கள். மருமகளுக்கு நீலம், மாமியாருக்குப் பச்சை, கணவனுக்குச் சாம்பல், தங்கைக்கு ஆரஞ்சு. நாளடைவில் பெயர்களை விட்டுவிட்டு நிறத்தாலேயே பேச ஆரம்பித்தார்கள்.

ஆரஞ்சை டூட்டிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆரஞ்சு எந்தக் கதவையும் சாத்த மாட்டாள். அவள் சிரித்தால் கீழே சைக்கிள் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். தன் தட்டில் இருப்பதைத் தின்றுவிட்டு அடுத்தவர் தட்டிலும் கை வைப்பாள். மருமகள் வந்த முதல் நாள் அவளைத் தனியாக இழுத்துப்போய், "இந்த வீட்டுல நல்லவன்னு பேர் வாங்குனா வேலை ஜாஸ்தி. மொதல் நாளே கொஞ்சம் கெட்ட பேர் வாங்கிக்கோங்க" என்கிறாள்.

டூட்டி நிமிர்ந்தாள். "இது நான் சொன்னது!"

"நீ சொன்னதுதான். வாங்கிக்கத் தெரியாம இன்னிக்கு வரைக்கும் வேலை பாத்துட்டிருக்கேன்."

"அப்ப ஆரஞ்சு நான்தானா?"

"கதவைச் சாத்திட்டு வந்து கேளு, சொல்றேன்" என்றார் அண்ணி. வாசற்கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

அதற்குப் பிறகு சில வாரம் அண்ணிக்கு மருந்தகத்தில் ஞாயிறும் வேலை வந்தது. மீதியைத் தானே பிரித்து வைப்பதாகச் சொல்லி டூட்டி மடிக்கணினியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள். தனக்கு விடுமுறையான ஒரு மத்தியானம், முறுக்கு டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏழாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களுக்கு வந்தாள்.

அதில் ஆரஞ்சு செத்துப்போனாள்.

மருத்துவமனை நடைகூடத்தில் மருமகள் நிற்கிறாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் ஆரஞ்சின் செருப்பு. உள்ளே கொண்டு போகும்போது கழற்றிக் கொடுத்தது. நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகும் அந்தப் பையை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நின்றுகொண்டே இருக்கிறாள்.

டூட்டி அதை இரண்டு தடவை படித்தாள். டப்பாவை மூடி வைத்தாள். அட்டையில் சுருக்கம் எழுத வேண்டும். 'ஆரஞ்சு' என்று அடித்துவிட்டு விரல் நின்றது. கடைசியில் 'ஆரஞ்சு ஆஸ்பத்திரியில்' என்று மட்டும் எழுதினாள். பிறகு அந்த அட்டையைப் பிடித்து இழுத்து எட்டாம் அத்தியாயத்தில் விட்டாள்.

அடுத்த வாரம் அது பத்தாம் அத்தியாயத்துக்குப் போயிற்று. அதற்கடுத்த வாரம் பன்னிரண்டுக்கு. மொத்தமே பதினாலு அத்தியாயம்தான்.

மடிக்கணினி திரும்பி வந்த ஞாயிறு, அண்ணி வரிசையாகப் படிக்க உட்கார்ந்தார். டூட்டி எதிரில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அண்ணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"எட்டுல பச்சை ஒக்காந்து ஆரஞ்சோட துணியெல்லாம் மடிச்சு வெச்சு அழறா. பன்னெண்டுல ஆரஞ்சு ஆஸ்பத்திரியில சேர்றா. செத்தவ எப்படிம்மா அட்மிட் ஆவா?"

"மெஷின்ல ஏதோ கொழப்பம் போல."

"மெஷின்லயா?"

"நகத்தும்போது கை தவறியிருக்கும்."

"கை தவறி நாலஞ்சு அத்தியாயம் தாண்டுமா?"

பால்கனியிலிருந்து அண்ணன், கையில் ஒரு மோட்டாரோடு எட்டிப் பார்த்தார். "யாரு செத்தா?"

"யாரும் சாகல, நீங்க வேலையப் பாருங்க" என்றார் அண்ணி. அதே நேரத்தில் டூட்டியும், "நீ போண்ணா" என்றாள். அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மோட்டாரோடு திரும்பிப் போனார்.

டூட்டி கத்தியைக் கீழே வைத்தாள். "நான்தான் நகத்துனேன். இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் போகட்டுமேன்னு நகத்துனேன். ஏன் அண்ணி, என் மேல அவ்வளவு கோவமா உங்களுக்கு? கதவைச் சாத்தலன்னா சாத்துன்னு ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?"

விளையாட்டாகத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அண்ணி எழுந்து வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தக் காட்சியத்தான் நான் மொதல்ல எழுதுனேன், டூட்டி. அதுக்கு முன்னாடி நாவலும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. உனக்கு குடல்வால் வெடிச்சு ரத்தத்துல வெஷம் ஏறி ஐ.சி.யூ.வுல கெடந்தியே, அப்ப எழுதுனது."

அந்த நாட்களைப் பற்றி டூட்டிக்கு நினைவு ஏதும் கிடையாது. வயிற்றுவலி என்று போனதும், பிறகு ரொம்பப் பசியோடு கண் விழித்ததும்தான் தெரியும்.

"நீ மேல கெடக்குறே, நான் கீழ மருந்தகத்துல நிக்கிறேன். உனக்கு என்ன மருந்து எழுதினாலும் சீட்டு எங்கிட்டதான் வரும். நான்தான் எடுத்துக் குடுக்கணும். மருந்துப் பேரைப் பாத்தாலே எனக்கு தெரிஞ்சுடும் நீ எப்படி இருக்கேன்னு. உங்கண்ணன் வெளியில ஒக்காந்துட்டு எப்படியிருக்கான்னு கேப்பாரு. நல்லாயிருக்கா, நல்லாயிருக்கான்னே சொல்லிட்டிருந்தேன். ஒரு நாள் ஒரு மருந்து வந்துச்சு. அது வேற வழியே இல்லன்னா எழுதறது. எடுத்துக் குடுத்துட்டு, படிக்கட்டுல போய் ஒக்காந்துட்டேன். யார்கிட்டயாவது சொல்லணும், சொல்ல ஆள் இல்ல. போனை எடுத்து எழுதுனேன். எழுதிட்டா அது அங்கேயே நடந்து முடிஞ்சுடும், நெசத்துல நடக்காதுன்னு ஒரு கிறுக்குத்தனம். உன் செருப்பு எங்கிட்டதான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நீ எந்திரிச்சு, பசிக்குதுன்னு நர்ஸை அதட்டுன. ஆனா எழுதுனது போன்லயே இருந்துச்சு. அழிக்க மனசு வரல. அந்தப் பொண்ணு யாரு, எந்த வீட்டுல இருந்தா, என்ன பேசுனான்னு அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொஞ்சமா எழுதிட்டே போனேன். அதுதான் இது."

டூட்டி அண்ணியின் தோளில் தலையைச் சாய்த்தாள். வெங்காயக் கையோடு கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அண்ணி "சீ, நாத்தம்" என்றாரே தவிர விலகவில்லை.

"உனக்குப் பிடிக்கலன்னா எடுத்துடறேன். ஆரஞ்சு பொழச்சுக்கட்டும்" என்றார்.

டூட்டிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அந்த அட்டையை உடனே தூக்கி 'ஸ்பேர்' ஃபோல்டரில் போட்டாள். அடுத்த சில நாட்கள் டிப்போவில் ஓட்டுநர்கள் கேட்ட விடுப்பையெல்லாம் வாரி வழங்கினாள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து மடிக்கணினியை மறுபடி தன் வீட்டுக்கு வாங்கி வந்து, மொத்த நாவலையும் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள், ஆரஞ்சு சாகாத நாவலை.

அது ஓடவில்லை. பச்சை எதற்காக மருமகளிடம் சாவிக்கொத்தைக் கொடுக்கிறாள் என்று விளங்கவில்லை. சாம்பல் ஏன் ஒரு நாள் முழுக்க மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரியவில்லை. உயிரோடிருக்கும் ஆரஞ்சு ஏழுக்குப் பின்வரும் அத்தியாயங்களில் எங்குமே இல்லை. வீட்டில் எல்லோரும் அவளை மறந்துவிட்டதுபோல் இருந்தது. செத்தவளை எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பிழைத்தவளை நினைக்க ஒருத்தரும் இல்லை.

படிக்கப் படிக்க இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஞாயிறு காலை, விடிந்ததும் விடியாததுமாக மடிக்கணினியோடு போய் அண்ணி வீட்டு மணியை அடித்தாள்.

"அண்ணி, ஆரஞ்சு சரியில்ல."

"என்ன சரியில்ல? அதான் பொழச்சுட்டாளே."

"பொழைக்கறதுக்கு அவ மொதல்ல உயிரோடவே இல்ல. சிரிக்கிறா, ஜோக் அடிக்கிறா, எல்லார் தட்டுலயும் கை வெக்கிறா, எல்லாரும் செல்லமா பாக்குறாங்க. ஒருத்தர்கூட அவகிட்ட எரிஞ்சு விழல. ஒரு தடவகூட அவ தப்பு பண்ணல. சாகப் போறான்னு தெரிஞ்சுக்கிட்டே எழுதியிருக்கீங்க. போற பொண்ணு, பாவம்னு எல்லாரும் விட்டுக்குடுக்கறாங்க."

அண்ணி பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். முகம் மாறியிருந்தது.

"நான் நாலு வருஷமா எழுதுறேன். நீ நாலு வாரமா அட்டைய நகத்துற."

"அட்டைய நகத்துறவளுக்குத்தான் எந்த வண்டி காலியா ஓடுதுன்னு தெரியும்."

"ஓ! என் காட்சி காலி வண்டியா?"

"ஆரஞ்சு நான்னா, நான் அவ்வளவு நல்லவ இல்ல. அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லாதப்ப நீங்க வேலைக்குப் போனீங்கன்னு உங்கள என்னென்ன பேசுனேன்! அதெல்லாம் எங்க?"

"அத எப்படி எழுதுறது? அத நான் மறந்துட்டேன்."

"பொய்! மறக்கல நீங்க. எனக்காக மறச்சு வெச்சிருக்கீங்க."

"ஆமா, மறக்கல!" அண்ணியின் குரல் உயர்ந்தது. "'புருஷனவிட மாத்திர டப்பா முக்கியமா'ன்னு கேட்ட. நான் அன்னிக்கு லீவு கேட்டுக் குடுக்கலன்னு உனக்கு தெரியுமா? கேட்டியா? நீ பாட்டுக்குப் பேசிட்டு, கதவத் தெறந்து போட்டுட்டுப் போயிட்ட. நான் எந்திரிச்சுப் போய் சாத்துனேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் போய் சாத்துறேன்!"

அண்ணன் போர்வையோடு வந்து சமையலறை வாசற்படியில் நின்றார். இந்த முறை யார் செத்தார்கள் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"இத எழுதுங்க, அண்ணி" என்றாள் டூட்டி மெதுவாக. "இப்ப சொன்னத அப்படியே எழுதுங்க. அவளும் பதிலுக்குப் பேசட்டும். அவளுக்கு வாய் இருக்குல்ல."

அண்ணிக்கு மூச்சு வாங்கியது. பிறகு அவரே சிரித்துவிட்டார். "கேக்காம விட்டது தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா நீ?"

"தப்புதான். தப்புதான். எழுதுங்க."

அண்ணி காலைச் சாப்பாடு இல்லாமல் எழுத உட்கார்ந்தார். அண்ணனும் தங்கையும் சமையலறையில் சத்தம் காட்டாமல் எதையோ கிண்டி, அடிபிடித்து, கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் தாண்டி அண்ணி கூப்பிட்டார். புதுக் காட்சியை டூட்டி மேசையோரம் நின்றபடியே படித்தாள்.

அதில் ஆரஞ்சு நன்றாகச் சண்டை போட்டாள். அநியாயமாகப் பேசினாள். நடுநடுவே சரியாகவும் பேசினாள். மருமகள் முதல் தடவையாக அவளைத் திருப்பித் திட்டினாள். பச்சை நடுவில் புகுந்து இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கடைசியில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். படித்து முடிக்கும்போது டூட்டி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்க வருது?" என்று கேட்டாள்.

"நீயே சொல்லு. அதுதானே உன் வேலை."

டூட்டி உட்கார்ந்து பலகையை விரித்தாள். அட்டைகளை மேலும் கீழும் பார்த்தாள். புதுக் காட்சியை எடுத்து ஏழாம் அத்தியாயத்தின் கடைசியில் வைத்தாள். பிறகு 'ஸ்பேர்' ஃபோல்டரைத் திறந்தாள். அங்கிருந்த அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாமல் தானே அதைப் பிடித்து இழுத்து வந்து, சண்டைக்குக் கீழே, அதன் பழைய இடத்தில் விட்டாள். சுருக்கத்தைத் திருத்தி எழுதினாள்: 'ஆரஞ்சு போய்விட்டாள். செருப்பு மருமகளிடம்.'

"நெசமாவா?" என்றார் அண்ணி.

"அதுக்கு அது இடம். ஆனா நெறைய பேசுறாங்க அதுல, கொஞ்சம் கொறைங்க. சண்டை முடிஞ்ச சூட்டோட போயிடட்டும்."

அண்ணி அந்தக் காட்சியைப் பாதியாகக் குறைத்தார். செருப்பும் நடைகூடமும் மிஞ்சின. அதற்குப் பின்னால் இருந்த அத்தியாயங்களையும் தொட வேண்டியிருந்தது. இரண்டு மூன்று மாதம் அதிலேயே போயிற்று. எல்லாம் முடிந்து, மென்பொருள் அத்தனை காட்சிகளையும் ஒரே புத்தகமாகக் கோர்த்துக் கொடுத்தபோது, அதை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினார்கள். வெகுநாள் பதில் இல்லை. பிறகு அங்கிருந்து ஒரு பெண் பேசினாள். புத்தகம் போடுவதாகச் சொன்னாள். ஏழாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டுத் தன் தங்கையைக் கூப்பிட்டுப் பேசினாளாம், பேசி வெகுநாளாகியிருந்ததாம். அண்ணி போனை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டார்.

அண்ணன் அதுவரை நாவலைப் படித்ததில்லை. அச்சுக்குப் போகும் முன் ஒரு பிரதி எடுத்து அவரிடம் கொடுத்தார்கள். தினமும் வேலைக்குப் போகுமுன் பால்கனியில் உட்கார்ந்து சில பக்கம் படிப்பார். சாம்பலுக்கு வசனமே இல்லை, எந்நேரமும் எதையாவது ரிப்பேர் பண்ணிக்கொண்டே இருக்கிறான் என்று குறை சொன்னார். நெசத்துலயும் அப்படித்தானே என்றார் அண்ணி.

ஒரு நாள் முற்பகல், டிப்போவில் இரண்டு ஓட்டுநர்கள் ஒரே வண்டிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது டூட்டியின் போன் அடித்தது. அண்ணன். அவர் வேலை நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை.

"என்னண்ணா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்டேன்." குரல் கம்மியிருந்தது. "சாப்டியா?"

நாவலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எதிரில் நின்றவர்களைக் கொஞ்சம் பொறுக்கும்படி கைகாட்டிவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"சாப்டேண்ணா. நல்லா சாப்டேன். நீ?"

"இனிமேதான்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இதுக்கப்புறமும் கதை இருக்கா, டூட்டி?"

"நெறைய இருக்கு. மேல படி. நான் சாயங்காலம் வர்றேன்."